நாலு நாள் சட்டம்

தம்பானூரில் ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரோட்டைத் தாண்டினால் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்ட். அதை ஒட்டிச் சுருள் சுருளாக ஏறி நிற்கும் செங்கல் கட்டடம்தான் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே படிக்கட்டு ஏறி மாடிக்குப் போகிற வேலை கிடையாது. தரையே சாய்ந்து சாய்ந்து மேலே போகும். வெளிச்சுவரை ஒட்டிக் கட்டுமேசைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரத்தில். சுவரில் விட்டிருக்கும் துளைகள் வழியாக வெளிச்சமும் வரும், கண்டக்டரின் விசிலும் வரும். காபி போர்டு தன் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளிகளை ஏ.கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டியதில் பிறந்த கடை இது. இங்கே அரசியல் பேசாமல் யாரும் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அக்கா மகனும் நானும் நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் ஒன்றாக வந்து இறங்கினோம். அவனுக்குக் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வேலை. சீசன் டிக்கெட்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறான், அவன்தான் அட்மின். உட்கார்ந்ததும் போனை நீட்டினான். ஒரு மந்திரி புது ஆப் ஒன்றைத் தொடங்கி வைக்கிறார். ரிப்பனை வெட்டக் கத்திரிக்கோலை நீட்டியபடியே நிற்கிறார். ரிப்பன் இருக்க வேண்டிய இடத்தில் சர்வர் டவுன் என்று வரும் அந்தச் சுழலும் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“மாமா, இதைக் குரூப்பில போட்டா போலீஸ் வருமா?”

கேட்டவன் முகத்தில் சிரிப்பு இல்லை. இருபத்து நாலு வயதுப் பையன், தானே வரைந்த ஒரு நல்ல கிண்டலைப் போடலாமா என்று தயங்குகிறான். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். “டீ வரட்டும் மக்கா, சொல்லுதேன்” என்றேன்.

முதலில் 66ஏ. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. 2008 டிசம்பரில் அதைத் திருத்தியபோது உள்ளே நுழைந்த பிரிவு இது. நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் நிறைவேறி, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. கம்ப்யூட்டர் அல்லது போன் வழியாகக் கடுமையாகப் புண்படுத்துகிற செய்தி, எரிச்சலூட்டுகிற செய்தி, அசௌகரியம் தருகிற செய்தி எதை அனுப்பினாலும் மூன்று வருஷம் வரை சிறை. அதே எரிச்சலை நேரில் நின்று வாயால் மூட்டினால் இந்தப் பிரிவு இல்லை. போனில் தட்டினால் உண்டு.

2012இல் அதன் முழு முகமும் தெரிந்தது. புதுச்சேரியில் ஒருவர் ஓர் அரசியல் குடும்பத்து வாரிசின் சொத்து பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். இந்தக் காபி ஹவுஸில் இரண்டு மேசையில் அதைவிட அதிகம் பேர் உட்காரலாம். விடிகாலையில் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. அதற்கடுத்த மாதம், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்த மறுநாள், மும்பைக்குப் பக்கத்திலுள்ள பால்கரில் ஓர் இளம்பெண் இதற்காக ஏன் ஊரையே அடைக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்டார். அவரையும் கைது செய்தார்கள், அந்தப் பதிவுக்கு லைக் போட்ட அவருடைய தோழியையும் கைது செய்தார்கள். லைக் போட்டதற்கு.

இதைக் கண்டு ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், ரோஹிண்டன் நாரிமன் இருவரும் 66ஏவை முழுதாகத் தூக்கி எறிந்தார்கள். தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாத விஷயம், அதே தீர்ப்பில் கேரளத்துப் பிரிவு ஒன்றும் விழுந்தது. கேரள போலீஸ் சட்டம் 2011இன் 118(டி). அதுவும் பேச்சாலோ போனாலோ மெயிலாலோ ஒருவருக்கு எரிச்சல் உண்டாக்குவதைக் குற்றமாக்கிய பிரிவு.

டீ வந்தது. வெள்ளை உடுப்பும் விசிறித் தலைப்பாகையுமாக வந்தவரிடம் எனக்கு மதுரம் குறைத்துக் கேட்டிருந்தேன். மருமகன் என் கப்பில் ஒரு வாய் வைத்துப் பார்த்து, இது கொள்ளை இனிப்பு என்றான். எனக்கு அது சரியாக இருந்தது. சீனியையாவது கரண்டியால் அளந்து போடலாம், தகராறு வந்தால் எத்தனை கரண்டி என்று கேட்டு முடித்துக்கொள்ளலாம். எரிச்சலுக்குக் கரண்டி கிடையாது. ஒருவருக்குப் புண்படுத்துவதாகப் படுவது இன்னொருவருக்குப் படாது என்பதைத்தான் நீதிபதிகளும் எழுதினார்கள். எதைச் செய்தால் குற்றம் என்று செய்வதற்கு முன்னால் ஒரு சாதாரண மனிதனால் தெரிந்துகொள்ள முடியாத சட்டம் நிற்காது. விவாதிக்கலாம், ஒரு கருத்துக்காக வாதாடலாம். கலவரத்துக்குத் தூண்டிவிடுகிற கட்டத்தை எட்டினால்தான் சட்டம் குறுக்கே வரலாம் என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து இதே திருவனந்தபுரத்தில் மறுபடி தொடங்கியது. தொடங்கிய காரணம் நியாயமானது, அதையும் சொல்லியாக வேண்டும்.

2020 செப்டம்பரில் இந்த ஊரில் ஓர் ஆள் யூடியூபில் பெண்ணியவாதிகளைப் பற்றிக் காது கூசும் வீடியோக்களைப் போட்டுக்கொண்டிருந்தான். புகார் கொடுத்தார்கள். போலீஸ் அசையவில்லை. செப்டம்பர் 26 அன்று டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும் அவன் தங்கியிருந்த லாட்ஜுக்கே போய் அவன் மேல் கரி ஆயிலை ஊற்றினார்கள். அதை நேரலையில் ஊரே பார்த்தது. தம்பானூர் போலீஸ் அந்தப் பெண்கள் மேல் வழக்குப் போட்டது. முன்ஜாமீனுக்கு அவர்கள் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆபாசமாக எழுதுகிறவனையும் படம் போடுகிறவனையும் பிடிக்க அன்றைக்கும் சட்டம் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ இருந்தன. பெண்ணின் மாண்பைச் சொல்லால் அவமதிப்பதற்குத் தண்டனைச் சட்டத்தில் 509 இருந்தது. பெண்ணை இணையத்தில் துரத்துவதற்கு 354டி இருந்தது. பிரிவு இல்லாத குறை எதுவும் இல்லை. புகாரை வாங்கி வைத்துக்கொண்டு எழுந்திருக்காததுதான் குறை. எழுந்திருக்காத ஆளுக்கு இன்னொரு தடி கொடுத்தால் எழுந்து விடுவாரா?

அரசாங்கம் இன்னொரு தடியைத்தான் கொடுத்தது. அக்டோபர் 21 அன்று அமைச்சரவை முடிவு செய்தது, நவம்பர் 21 சனிக்கிழமை ஆளுநர் ஆரிஃப் முகமது கான் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கேரள போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று புதுப் பிரிவு. அதில் பெண்கள் என்ற சொல்லோ இணையம் என்ற சொல்லோ மையமாக இல்லை. எந்த வகைத் தகவல் தொடர்பு வழியாகவும் ஒருவரையோ ஒரு கூட்டத்தாரையோ மிரட்டவும் திட்டவும் அவமானப்படுத்தவும் அவதூறு செய்யவும், பொய் என்று தெரிந்தே எதையேனும் உருவாக்கினால், சொன்னால், வெளியிட்டால், பரப்பினால், அதனால் அவருடைய மனதுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ, அல்லது அவர் அக்கறை கொண்ட வேறொருவருக்கோ காயம் ஏற்பட்டால், மூன்று வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இந்த வாக்கியத்தை மருமகனுக்கு இரண்டு தடவை சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

“எந்த வகைத் தகவல் தொடர்பு வழியாகவும்” என்றால் பத்திரிகையும் சேர்த்தி, டிவியும் சேர்த்தி, சுவரொட்டியும் சேர்த்தி. “பரப்பினால்” என்றால் எழுதியவன் மட்டும் போதாது, ஃபார்வேர்ட் செய்தவனும் உள்ளே. “மனதுக்குக் காயம்” என்றால் 2015இல் வாசல் வழியாக வெளியே போன எரிச்சல், பெயரை மாற்றிக்கொண்டு பின்கட்டு வழியாக வந்திருக்கிறது. “அவர் அக்கறை கொண்ட வேறொருவருக்கு” என்பதுதான் எனக்கு மிகவும் பயம் தந்த இடம். தலைவருக்கு மனசு நோகவில்லை என்றாலும் பரவாயில்லை, தலைவர்மேல் பாசம் வைத்தவர்கள் ஏராளம், வலியைக் கண்டுபிடித்துக் கொண்டுவர யாராவது ஒருவர் கிடைப்பார்.

“பொய்ன்னு தெரிஞ்சே சொன்னாத்தானே மாமா? அது நியாயம்தானே?”

நல்ல கேள்வி. காகிதத்தில் அது பாதுகாப்புதான். அந்தப் பாதுகாப்பு எப்போது கையில் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான் இவ்வளவு தூரம் பேசிக்கொண்டு வந்தேன்.

நம் நாட்டில் அவதூறுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகவே சட்டம் உண்டு. பழைய 499, 500. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. தண்டனை இரண்டு வருஷம் வரை. அதில் போலீஸ் தானாக வந்து கையைப் பிடிக்க முடியாது. பெயர் கெட்டது என்று சொல்கிறவர் வக்கீலை வைத்து, மாஜிஸ்திரேட் முன்னால் போய், தானே கூண்டேறிச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் கேட்டு, இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டால்தான் எதிராளிக்குச் சம்மன் போகும். மெதுவான வழி. நான் அந்த மெதுவை மதிக்கிறேன். கிண்டல் செய்தவன் வீட்டில் தூங்குவான். அது கிண்டலா பொய்யா என்று முதலில் அளப்பவர் ஒரு நீதிபதி.

118ஏ அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. வாரன்ட் இல்லாமலே போலீஸ் வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய குற்றம். யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் தாங்களாகவே தொடங்கலாம். அப்படியானால் முதலில் அளப்பவர் ஸ்டேஷன் எஸ்.ஐ. நீ சொன்னது பொய்யா, பொய் என்று உனக்குத் தெரியுமா, யாருடைய மனது எவ்வளவு நொந்தது, எல்லாவற்றையும் அவர் இரவோடு இரவாக முடிவு செய்வார். ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்துக் கோர்ட்டில் நீ சொன்னதுதான் சரி என்று வரலாம். அதற்குள் போன் பறிமுதலாகி, வேலை போய், பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். அந்த எஸ்.ஐ. கெட்டவராக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. மேலதிகாரியின் போனுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தால் போதும்.

எதிர்க்கட்சிகள் கொதித்தன, பத்திரிகையாளர்கள் கொதித்தார்கள், வழக்குகள் போடப்பட்டன. ஆளும் கட்சிக்கு உள்ளேயே, கூட்டணிக்கு உள்ளேயே ஆட்சேபம் வந்தது. திங்கள் 23ஆம் தேதி முதல்வர் பினராயி விஜயன் இதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். புதன்கிழமை 25ஆம் தேதி, ரத்து செய்யும் அவசரச் சட்டத்திலும் அதே ஆளுநர் கையெழுத்திட்டார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என நாலு நாள் உயிரோடு இருந்த சட்டம் அது. பின்வாங்கியதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். தவறைத் தெரிந்துகொண்டு நாலே நாளில் திருத்திக்கொண்ட அரசாங்கங்கள் அபூர்வம்.

“அப்போ 66ஏயும் இல்ல, 118ஏயும் இல்ல. பயப்பட என்ன இருக்கு?”

இதற்கு அடிக்குறிப்பின் கதையைச் சொன்னேன். 2021இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆறு வருஷத்துக்கு முன் செத்துப்போன 66ஏவின் கீழ் 11 மாநிலங்களில் 745 வழக்குகள் அந்த மார்ச் மாதம் வரை உயிரோடு இருந்தன. செத்த பிறகும் புதிதாக வழக்குப் பதிந்திருக்கிறார்கள். எப்படி நடந்தது என்று நீதிபதிகள் அதிர்ந்து கேட்டபோது அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் சொன்ன காரணம் என்னால் மறக்க முடியாதது. கோர்ட் ஒரு பிரிவைச் செல்லாது என்று சொன்னாலும் நாடாளுமன்றம் நீக்காதவரை அது அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கும். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இது ரத்தாகிவிட்டது என்று ஒரு குறிப்பு வரும். ஸ்டேஷனில் அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

நினைத்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கோர்ட் வாசலில் நின்றதற்கு ஒரு புத்தகத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தும் காரணம். 2022 அக்டோபரில்தான் நீதிமன்றம், இனி யார் மேலும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது, நிலுவையில் உள்ளவற்றிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. என் அக்கா மகனின் தயக்கம் இங்கிருந்து வந்ததுதான். சட்டம் போன பிறகும் அதன் பயம் காற்றில் நிற்கிறது.

இந்தப் பயம் போன் வந்த பிறகு பிறந்ததும் இல்லை. இங்கிருந்து பாளையம் வரை நடந்தால் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளைக்குச் சிலை இருக்கிறது. வக்கம் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’யின் ஆசிரியர். திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தை விடாமல் விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரை நாடு கடத்தித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்கு எங்கள் நாகர்கோவிலும் திருவிதாங்கூர். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வேற்று நாடு. தமிழ்நாட்டுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாளிலேயே விட்டார்கள். 2025 பிப்ரவரியில் பிரதமரை வரைந்த ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. ஒரு படத்துக்காக ஒரு முழு இணையதளம். மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் படத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவைத்துவிட்டுத் தளத்தைத் திறந்துவிடச் சொன்னது. இந்த மூன்றிலும் ஆட்சியில் இருந்தவர்கள் வேறு வேறு ஆட்கள், கொடிகள் வேறு வேறு.

சிரிப்பு வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் ஏ.ஐ. கேமராவைச் சொல்வேன். 2023 ஜூன் 5 முதல் கேரள ரோடுகளில் நூற்றுக்கணக்கான கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. அதற்கு முன்பே ஒரு கேள்வி ஊர் முழுக்கச் சுற்றியது: ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை போனால் மூன்று பேர் என்று அபராதமா? கார் வாங்க முடியாத வீட்டுக்காரன் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவான்? கோபமாகவும் கேட்டார்கள், மீம் போட்டும் கேட்டார்கள். அபராதம் தொடங்குவதற்கு முந்தின நாள் போக்குவரத்து மந்திரி அறிவித்தார், மத்திய அரசிடம் விலக்குக் கேட்டிருக்கிறோம், பதில் வரும்வரை 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அபராதம் இல்லை. கேமராவுக்குத் தெரிந்தது மூன்று தலை. அதில் ஒன்று பிள்ளை என்பதை ஊர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. மருமகன் மறுபடி போனை நீட்டினான். இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். படத்துக்குக் கீழே, ஒரு பெரிய டிவி சேனலின் லோகோவோடு, நியூஸ் கார்டு போலவே கட்டம் கட்டி, மந்திரி சொன்னதாக ஒரு வரி எழுதியிருந்தான். ஆப் வேலை செய்யாவிட்டால் மக்கள் போனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று.

“இதை அவரு சொன்னாரா?”

“இல்ல மாமா, சும்மா.”

“இதை எடு.”

சுழலும் வட்டத்தைப் பார்த்து ரிப்பன் வெட்டுகிற மந்திரியை யாரும் உண்மை என்று நம்பப் போவதில்லை, பார்க்கிறவனுக்கே அது கிண்டல் என்று தெரியும். லோகோ போட்ட கார்டு அப்படியில்லை. குரூப்பை விட்டு வெளியே போய், மூன்றாவது ஃபார்வேர்டில் அது செய்தியாகிவிடும். எங்கள் பக்கம் பள்ளியாடியில் ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு மந்திரியை மனசாரத் திட்டுவார். அவரை நாம் ஏமாற்றியிருப்போம். இதை நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. நாளைக்கு நிஜமாகவே ஒரு மந்திரி இப்படிப் பேசினால், அதையும் சும்மா என்றுதான் ஊர் நினைக்கும்.

“குரூப்பில வேற யாராச்சும் ஏதாவது போட்டா? அட்மின் நான்தானே?”

அதற்கும் பதில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம், உறுப்பினர் போடுகிற ஒன்றுக்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. “ஆனா போன வாரம் ஒருத்தன் அந்தச் செய்தி வாசிக்கிற பொண்ணு படத்தை வெட்டி ஒட்டிப் போட்டானே, அதை நீ இன்னும் அழிக்கல்ல” என்றேன். அவன் முகம் மாறியது. கோர்ட் அவனைக் கேட்காது. அந்தக் குரூப்பில் அவனோடு தினமும் ரயிலில் வருகிற ஏழெட்டுப் பெண்கள் இருக்கிறார்கள்.

அங்கேயே உட்கார்ந்து விரலால் மேலே தள்ளித் தள்ளி அந்தப் படத்தைத் தேடி அழித்தான். போட்டவனுக்குத் தனியாக ஏதோ எழுதினான், நான் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தன் படத்தைத் திறந்து லோகோவையும் கட்டத்தையும் வெட்டினான். மந்திரியும் கத்திரிக்கோலும் சுழலும் வட்டமும் மட்டும் மிஞ்சின.

“இப்போ?”

பார்த்தேன். முதலில் சிரித்த அதே இடத்தில் மறுபடி சிரிப்பு வந்தது. “போடு” என்றேன். கழக்கூட்டம் பஸ் வந்துவிட்டது என்று எழுந்தவன், சாய்ந்த தரையில் வேகமாக இறங்கிக்கொண்டே அனுப்பினான். நான் பில்லுக்குக் காத்திருக்கும்போது என் போன் குரூப்புக்காக ஒரு தரம் அதிர்ந்தது, பிறகு விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது.